கிதாரின் வயிற்றுக்குள் ஒரு வில்லை

சந்திரிகா மாமி யாரையுமே நம்பமாட்டார் என்று புனேயின் கட்கித் தமிழர்கள் சொல்வது அநியாயம். ஒருவரை நம்பினார், கட்டிய கணவரை. அவர் போய்ச்சேர்ந்து பதினோரு வருஷமாகிறது. மற்ற எல்லோரையும் ஏற்றத்தாழ்வு பார்க்காமல் ஒரே தராசில் வைத்துச் சந்தேகப்பட்டார். அதில் குறை சொல்ல முடியாது. காய்கறிக்காரியிடம் கொத்துமல்லிக் கட்டு வாங்கினால் அங்கேயே பிரித்து, நடுவில் புல் இருக்கிறதா என்று பார்ப்பார். ஒருமுறை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எல்லாம் வேலையில் படிந்த குணம். வங்கியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் முப்பத்துநான்கு வருஷம். மகாராஷ்டிரத்தில் எந்தக் கிளைக்குள் அவர் கால் வைத்தாலும் பேச்சு நின்றுவிடும், டீ ஆறிவிடும், மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்.

இப்படிப்பட்டவர் ஐம்பத்தாறாவது வயதில் கிதார் கற்றுக்கொள்ளப் போகிறார் என்றதும் காலனியே வாயைப் பிளந்தது. வீணை என்றால் புரிந்துகொள்ளலாம். வயலின் என்றாலும் போகிறது என்று விடலாம். "வீணைக்குத் தந்தி ஏழு, கித்தாருக்கு ஆறு. ஒண்ணு குறைச்சலா இருந்தா கண்காணிக்கறது சுலபம்னு எடுத்திருப்பா" என்று பஜனை மண்டலியின் தலைவர் மகாதேவன் சொன்னதாகப் பேச்சு. அவர் பாதுகாப்புக் கணக்குத் துறையில் ஓய்வு பெற்றவர், ஹார்மோனியம் வாசிப்பவர், மண்டலியில் யார் எங்கே உட்கார வேண்டும், பிரசாதம் யாருக்கு முதலில் போக வேண்டும் என்பதெல்லாம் அவர் கண்ணசைவில்தான்.

அந்த மண்டலியில் மாமி ஆறு வருஷமாகக் கிதார் வாசித்துவந்தார். மேடையின் கடைசி வரிசையில், மிருதங்கத்துக்கும் சுவருக்கும் நடுவே. ஹார்மோனியம், மிருதங்கம், இரண்டு ஜோடி ஜால்ரா, நாற்பது தொண்டை. இத்தனைக்கும் அடியில் ஒரு மரப்பெட்டி முனகுவது யார் காதில் விழும்? பஜனையில் கிதாரா என்று ஆரம்பத்தில் முகம் சுளித்தவர்களிடம் மகாதேவன், "கேட்டாத்தானே ஆட்சேபணை? விடுங்கோ" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். மாமிக்கும் அது தெரியும். தெரிந்தும் ஒரு சனிக்கிழமை தவறாமல் போனார். வாழ்நாள் முழுவதும் அவர் உள்ளே நுழைந்தால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த மேடையில் மட்டும்தான் அவர் வந்து உட்கார்ந்த பிறகும் பாட்டு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

இந்த வருஷம் கல்யாண மண்டபத்தில் நடக்கும் ராதா கல்யாண உற்சவத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது மகாதேவன் ஓர் அறிவிப்புச் செய்தார்.

"மங்கள் கார்யாலயத்துல மேடை ரொம்பச் சின்னது. அதனால இனிமே கேக்கற வாத்தியம் மட்டும் மேல உக்காரட்டும். கேக்காத வாத்தியம் வெச்சிண்டிருக்கறவா கீழேருந்து வாசிக்கலாம். பகவானுக்கு எங்கேருந்தாலும் கேக்கும்."

கேட்காத வாத்தியம் மண்டலியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எல்லோரும் கூரையில் ஓடாத மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்கள்.

"பிக்கப் போட்டுக்கறேன் மாமா" என்றார் சந்திரிகா மாமி. "ஸ்பீக்கர்ல கேட்டா ஆச்சேல்லியோ?"

"பேஷாப் போட்டுக்கோங்கோ! நம்ம ரவிசந்திரன் இருக்கானே, அவன்கிட்டயே போங்கோ. நானே ஃபோன் பண்ணிச் சொல்றேன்."

அந்த 'நானே'தான் மாமிக்கு உறுத்தியது. கேட்காமலே ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்து நீட்டுகிற மேனேஜரை மாமி அவர் காலத்தில் சும்மா விட்டதே கிடையாது. ரவிசந்திரன் மண்டலியின் மைக்செட்காரன். ஒன்பது வருஷமாக மகாதேவன் ஏற்று என்றால் ஏற்றுவான், இறக்கு என்றால் இறக்குவான். கிதாரின் ஒலியை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப்பை உள்ளே எங்கே ஒட்டுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அரை அங்குலம் தள்ளி ஒட்டினால் கிதார் தகரமாகிவிடும் என்று மாமி வீடியோவில் பார்த்திருந்தார். கேட்கும், ஆனால் கேட்கச் சகிக்காது. அப்புறம் மகாதேவன் வருத்தமான முகத்தோடு, "நான் என்ன பண்ணட்டும் மாமி?" என்று கையை விரிக்கலாம்.

மாமி வேறு ஆள் தேடிப் பார்த்தார். கேம்ப் பகுதியில் ஒரு கடையில் ஒரு மாதம் ஆகும் என்றார்கள். விமான் நகரில் ஒரு பையன், தந்திகள் ஏறி நிற்கும் எலும்புத் துண்டையே அறுத்து அடியில் பட்டை வைக்க வேண்டும் என்றான். அறுப்பது என்ற சொல்லைக் கேட்டதும் மாமி கிதாரை உறையில் போட்டு மூடிவிட்டார். கடைசியில் ரவிசந்திரனைத் தேடிப் போபோடிக்கே போகவேண்டியதாயிற்று.

ரவிசந்திரனின் கடை ரயில் பாதையை ஒட்டிய சந்தில், புடவை ஓரம் தைக்கும் ஒரு ஃபால்-பீக்கோ கடைக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் தாத்தா ஆம்பூரிலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். பேரனுக்குத் தமிழ், மராத்தி, இந்தி மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும்.

"வாங்க மேடம், பைட்டோ, உக்காருங்க. மகாதேவன் சார் சொன்னாரு."

"என்ன சொன்னார்?"

"நீங்க வருவீங்கன்னு."

"வேற?"

"வேற இன்னா சொல்வாரு? ஜாக்கிரதையா பாருப்பான்னாரு."

ஜாக்கிரதையாகக் கிதாரைப் பார்க்கச் சொன்னாரா, தன்னையா? மாமி கைப்பையை மடிக்கு மாற்றிக்கொண்டார்.

ரவிசந்திரன் கிதாரை வாங்கித் தர்பூசணியைத் தட்டிப் பார்ப்பதுபோல் விரல் முட்டியால் அங்கங்கே தட்டினான். தந்திகளைத் தளர்த்தி, வட்டத் துளைக்குள் ஒரு குட்டி விளக்கை இறக்கி, பல் டாக்டர் வைத்திருப்பதுபோன்ற கண்ணாடியை உள்ளே நீட்டினான்.

"பாருங்க மேடம். மேல தந்தி கட்டியிருக்கிற பிரிட்ஜ் இருக்குதுல்ல, அதுக்கு நேர் கீழ உள்பக்கம் ஒரு கெட்டிப் பலகை. தந்தியோட இழுப்பு மொத்தமும் அதுலதான் எறங்குது. பிக்கப்ப அதுலதான் ஒட்டணும். அத வுட்டு வெளிய போனா பொத்துனு ஆயிடும்."

பிக்கப் என்பது ஒரு ரூபாய் நாணயம் அளவில் மஞ்சள் வில்லை. வாலாக ஒரு ஒயர். இவ்வளவுதானா என்று மாமி அதன் முதுகையும் திருப்பிப் பார்த்தார்.

"நேர் நடுவுல ஒட்டிடுங்கோ. நான் வீடியோ பாத்தாச்சு."

"எத்தன வீடியோ?"

"பதினாலு."

"பதினாலுலயும் நடுவா?"

"ஒன்பதுல நடு. மூணுல தடிமன் தந்திப் பக்கம். ரெண்டுல அந்த ஆளுக்கே நிச்சயமில்லை."

ரவிசந்திரன் சிரிக்காமல் கேட்டுக்கொண்டான். பிறகு பென்சிலை உள்ளே விட்டு, நடுவிலிருந்து கொஞ்சம் மெல்லிய தந்திப் பக்கமாக ஒரு புள்ளி வைத்தான். "என்னக் கேட்டா இங்க."

"ஏன்?"

"உங்களுக்குப் பக்கத்துல மிருதங்கம் உக்காருது. அதோட எடப்பக்கமும் உங்க தடிமன் தந்தியும் ஒரே எடத்துல மோதிக்கும். நடுவுல ஒட்டினா வீட்டுல பிரமாதமா இருக்கும். அந்த ஹால்ல தும்முதும்முனு ஆகி ஸ்பீக்கர் ஊளையிடும்."

"அப்போ சத்தம் கம்மியாயிடுமே?"

"கம்மி ஆவாது. தெளிவாவும்."

"இதை யார் சொன்னா உங்களுக்கு?"

"யாரு சொல்லணும்? ஒம்பது வருஷமா அந்த ஸ்பீக்கர் என் காதுலதான ஊளையிடுது!"

பதில் உடனே வந்தது, தங்குதடையில்லாமல் வந்தது. மாமிக்கு அதுவே பிடிக்கவில்லை. உண்மை சொல்கிறவர்கள் கொஞ்சமாவது திணறுவார்கள் என்பது அவர் அனுபவம். முகத்தைப் படித்தவன்போல ரவிசந்திரன் மேஜை இழுப்பறையிலிருந்து இன்னும் இரண்டு வில்லைகளை எடுத்தான்.

"ஒண்ணு பண்ணலாம். மூணு வில்லைய மூணு எடத்துல ஒட்டறேன், படம் ஒட்டுற நீலப் பசை வெச்சு, அப்புறம் எடுத்துடலாம். இந்த டப்பாவுல ஸ்விட்ச் இருக்குது. நீங்க வாசிங்க, நான் மாத்தி மாத்திப் போடறேன். எது நல்லா இருக்குதுன்னு உங்க காது சொல்லட்டும். ஸ்விட்ச மட்டும் பாக்கக்கூடாது."

"நீங்க மாத்தாமலே மாத்தினேன்னு சொன்னா?"

ரவிசந்திரன் வில்லைகளைக் கீழே வைத்தான். ஒன்பது வருஷ மைக்செட் வாழ்க்கையில் இப்படி ஒரு கேள்வி அவனுக்கு வந்ததில்லை. "அப்போ மூணாவது ஆள் யாரையாவது கூப்புடுங்க" என்றான்.

மாமி பக்கத்துக் கடை மும்தாஜைக் கூப்பிட்டார். புடவைக்கு ஃபால் தைத்துக்கொண்டிருந்தவள் நூலைப் பல்லால் கடித்துவிட்டு எழுந்து வந்தாள்.

"அய்யய்யோ, எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாதேம்மா!"

"அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்" என்றார் மாமி.

அதோடு விடவில்லை. சாட்சிக்குச் சாடை காட்டிவிடக் கூடாது என்று ரவிசந்திரனை வெளியே நிற்கச் சொன்னார். பாவம், அவன் கடையிலிருந்து அவனே வெளியேற்றப்பட்டு, வெயிலில் நின்று லோனாவ்ளா லோக்கல் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிர்ச்சாரி முடிவெட்டும் கடையில் இருந்த நாலுபேரும் நாற்காலியோடு திரும்பிக்கொண்டார்கள்.

மாமி வாசித்தார். மும்தாஜ் ஸ்விட்சைத் திருப்பினாள். மாமி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு டைரியில் எழுதினார்: ஒன்று, குடத்துக்குள் பேசுகிற மாதிரி. இரண்டு, சரி. மூன்று, தகரம். வரிசையை மாற்றி இன்னொரு முறை. அப்புறம் இன்னொரு முறை. மும்தாஜ் தையல் சாக்கட்டியால் பலகையில் குறித்துக்கொண்டே வந்தாள். ஒப்பிட்டுப் பார்த்தால், மூன்று தடவையும் மாமி 'சரி' என்று எழுதியது ஒரே வில்லையைத்தான். ரவிசந்திரன் பென்சிலால் புள்ளி வைத்த இடம்.

வேறு யாராவது இருந்தால் அத்தோடு சமாதானமாகியிருப்பார்கள். மாமிக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. இப்படிப் பிசிறே இல்லாமல் ஒத்துப்போகிற கணக்கு எங்கே இருக்கிறது? தன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்துவிட்டானே!

ரவிசந்திரன் தந்திகளை மறுபடி தளர்த்தி மற்ற இரண்டையும் பிய்த்து எடுத்தான். 'சரி' வில்லையை அதன் இடத்தில் நல்ல பசை போட்டு மாமியின் கண்முன்னாலேயே அழுத்தினான். அடிப்பக்கத்தில் வார் மாட்டும் குமிழின் துளையைப் பெரிதாக்கி ஒயர் செருகும் சாக்கெட் வைக்க வேண்டும். நாளை மறுநாள் வாங்க என்றான். "இருங்க மேடம், சாய் சொல்லிட்டு வரேன்."

இரண்டு ராத்திரி கிதார் இங்கே இருக்கும். புள்ளி வைத்த இடத்தில் ஒட்டிய வில்லையை அதற்குள் பெயர்த்து வேறு இடத்தில் ஒட்டினால் யாருக்குத் தெரியும்?

மாமி வளையலைக் கழற்றினார். மற்ற மாமிகள் கைப்பையில் குங்குமச் சிமிழ் வைத்திருப்பதுபோல் அவர் பையில் எப்போதும் மெல்லிய தாள் துண்டுகளும் ஒரு சின்னப் பசைக் குப்பியும் இருக்கும். இன்ஸ்பெக்‌ஷனில் ஒரு அலமாரியைப் பாதி பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனால், கதவிடுக்கில் குறுக்கே தாளை ஒட்டிக் கையெழுத்தும் தேதியும் போட்டுவிட்டுத்தான் போவார். யாராவது திறந்தால் தாள் கிழியும்; பொய் சொல்ல முடியாது. தளர்ந்திருந்த தந்திகளுக்கு நடுவே கையை விட்டு, கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, பாதி வில்லை மேலும் பாதி மரத்தின் மேலுமாக ஒரு துண்டை ஒட்டினார். ச.சந்திரிகா. பன்னிரண்டு, இரண்டு. சாய் வருவதற்குள் வளையல் மறுபடி கையில் ஏறிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் மாமி போபோடிப் பக்கம் போனார். அங்கே கறிவேப்பிலை நன்றாக இருக்கிறது என்று யாரோ சொன்னார்களாம். கட்கிக் கறிவேப்பிலைக்கு என்ன கேடு என்று கேட்டால் பதில் கிடையாது. சந்து முனையிலிருந்து எட்டிப் பார்த்தார். ரவிசந்திரன் கடை வாசலில் ஒரு க்ரீம் கலர் ஸ்கூட்டர். மகாதேவனுடையது. பின்னால் காவடி ஸ்டிக்கர்கூட அப்படியே.

மாமி கறிவேப்பிலை வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினார்.

குறித்த நாளில் கடைக்குப் போனதும் ரவிசந்திரன் உற்சாகமாக ஒயரைச் செருகிச் சின்ன ஸ்பீக்கரைப் போட்டான். "வாசிங்க மேடம். நேத்தே வாசிச்சுப் பாத்துட்டேன், தண்ணி மாதிரி இருக்குது."

மாமி மெல்லிய தந்திகளைத் தொட்டார். தெளிவாக வந்தது. தடிமன் தந்தியில் விரல் பட்டதும், தீப்பெட்டிக்குள் கரப்பான்பூச்சி மாட்டிக்கொண்டதுபோல், ஜ்ர்ர்ர்ர்.

"திரும்ப வாசிங்க."

ஜ்ர்ர்ர்ர்.

"நேத்து இது இல்லியே!" ரவிசந்திரன் ஒயரை அசைத்தான், சாக்கெட்டைத் திருகினான், ஸ்பீக்கரைக்கூட மாற்றினான். ஜ்ர்ர்ர்ர்.

மாமி கிதாரை மடியில் சாய்த்துக்கொண்டார். அவர் குரல் தணிந்தது. அந்தக் குரலுக்குத்தான் மேனேஜர்கள் நடுங்குவார்கள். "நேத்து சாயங்காலம் இங்க யார் வந்தா?"

"எவ்ளோ பேரு வராங்க மேடம்."

"க்ரீம் கலர் ஸ்கூட்டர்ல?"

ரவிசந்திரன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். "மகாதேவன் சார் வந்தாரு. அது வேற வேலை."

"என்ன வேலை?"

"வேற வேலைனு சொன்னேனே."

பக்கத்துக் கடையில் தையல் மெஷின் ஓடுவது நின்றது. மும்தாஜுக்கும் காது இருக்கிறது.

"அந்தக் கண்ணாடியைக் கொடுங்கோ" என்றார் மாமி.

இதோ இப்போது தெரிந்துவிடும். தாள் கிழிந்திருந்தால் வில்லையை நகர்த்தியிருக்கிறான். மாமி விளக்கை இறக்கி, கண்ணாடியைச் சாய்த்தார். வில்லை அதே இடத்தில் இருந்தது. தாளும் இருந்தது. கிழியவில்லை. கையெழுத்து கண்ணாடியில் இடம் வலமாகத் தெரிந்தது. மாமி கொஞ்சம் ஏமாற்றத்தோடு இன்னும் குனிந்தார். பசை காய்ந்து தாளின் ஓர் ஓரம் மேலே சுருண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மறு கையால் தடிமன் தந்தியைத் தட்டினார். சுருண்ட ஓரம் கொசுவின் சிறகுபோல் அடித்துக்கொண்டது. ஸ்பீக்கரில், ஜ்ர்ர்ர்ர்.

"இன்னா மேடம் இருக்குது உள்ள?"

"ஒண்ணுமில்லை."

அவர் உத்தியோக வாழ்க்கையில் எழுதாத அறிக்கை அது. சத்தமில்லாமல் பிய்த்து எடுத்துவிடலாம் என்றால், இறுக்கிக் கட்டிய தந்திகளுக்குள் கை நுழையவில்லை. மணிக்கட்டுவரை முயன்று பார்த்து, சிவந்துபோன கையை வெளியே எடுத்தார். ரவிசந்திரன் தந்திகளைத் தளர்த்தினான். கண்ணாடியைப் பார்த்தான். இடுக்கியை உள்ளே விட்டான். தாள் வெளியே வந்தது. விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான்.

"பன்னெண்டு, ரெண்டு. இது யாரு கையெழுத்து? கரண்ட் பில் மாதிரி இருக்குது."

"என்னோடது."

"உள்ள எதுக்கு?"

மாமிக்கு ஆயிரம் பேரைக் கேள்வி கேட்டுப் பழக்கம். பதில் சொல்லிப் பழக்கமில்லை. "நீங்க எடத்தை மாத்திடுவேளோன்னு…"

"நான் எதுக்கு மாத்துவேன்?"

"மகாதேவன் மாமா சொல்லியிருந்தா?"

மறுபக்கத்திலிருந்து மும்தாஜ், "ஹாய் அல்லா!" என்றாள்.

ரவிசந்திரன் தாளை மேஜைமேல் வைத்தான். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு உள்ளே ஒட்டியிருந்த பசையைத் துடைத்தான். கோபித்துக் கத்தியிருந்தால் மாமிக்குச் சமாளிக்கத் தெரியும்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன். உங்க கிதார் கேக்கக்கூடாதுன்னா நான் இதுக்குள்ள கைய வுட்டு வில்லையப் பேக்கணுமா? ஹால்ல சத்தத்த ஏத்தி எறக்கற மிக்ஸர் என் முன்னாடி இருக்குது. ஒரு விரலால கீழ எறக்கினா முடிஞ்சுது."

மாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினாலு வீடியோ பார்த்தவர், சாட்சி வைத்தவர், சீல் வைத்தவர். ஒயரின் மறுமுனை யார் கையில் இருக்கிறது என்று நினைத்துப் பார்க்கவே இல்லை! நகைப்பெட்டியை மூன்று பூட்டுப் போட்டுப் பூட்டிவிட்டு வாசற்கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போன கதை.

"நேத்து அவர் வந்தது…"

"அதுக்குத்தான்." ரவிசந்திரன் ஒயரைச் சுற்றினான். "கிதார கொஞ்சம் அடக்கி வைப்பா, பஜனை கெடக்கூடாதுன்னாரு."

"நீங்க என்ன சொன்னேள்?"

"சரின்னேன்."

"சரின்னா?"

"ஒம்பது வருஷமா அவரு எதச் சொன்னாலும் நான் சரின்னுதான் மேடம் சொல்றேன். ஹால்ல எது கேக்கணுமோ அது கேக்கும்."

இது ஒரு பதிலா? வேறு யாராவது சொல்லியிருந்தால் எழுதிக் கையெழுத்துப் போடு என்றிருப்பார் மாமி. மேஜைமேல் அவருடைய கையெழுத்தே கிடந்தது. கிதாரை உறையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

ராதா கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை காலையில். மங்கள் கார்யாலயம் நிரம்பியிருந்தது. தளேகாவிலிருந்துகூட ரயிலேறி வந்திருந்தார்கள். மாமி மேடையில் அவருடைய இடத்தில் உட்கார்ந்து ஒயரைச் செருகினார். ஹாலின் கடைசியில், பந்திக்கூடத்துத் திரையை ஒட்டிய தூணுக்குப் பின்னால் மிக்ஸர். அங்கிருந்து ரவிசந்திரனின் கட்டைவிரல் மட்டும் வெளியே வந்து சரி என்றது. எதற்குச் சரி?

ஸ்பீக்கர்கள் எல்லாம் சபையைப் பார்த்து நின்றன. மேடையில் இருப்பவருக்கு அவர் வாத்தியம் வெளியே எப்படிப் போகிறது என்று தெரியாது. முதல் நாமாவளி போனது. மாமி வாசித்துக்கொண்டே ஜனங்களின் முகங்களை வரி வரியாகப் பார்த்தார். ஒருவர் முகத்திலும் கிதார் தெரியவில்லை. இரண்டாவது நாமாவளி. மூன்றாம் வரிசைக்காரர் தலையை ஆட்டினார். ஆனால் அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுகிறவர். மகாதேவன் கண்ணை மூடிப் புன்னகையோடு ஹார்மோனியம் வாசித்தார். வேலை முடிந்த மனுஷனின் புன்னகை அல்லவா அது! விரல் ஒன்றால் கீழே இறக்கியாயிற்று. கேட்காத வாத்தியம். இனிமேல் கீழே, செருப்பு விடுகிற பக்கம் நாற்காலி.

மூன்றாவது நாமாவளியின் நடுவில், நாற்பது பேரும் உச்சத்தில் இருக்கும்போது, மாமிக்கு அந்த யோசனை வந்தது. கிளையில் எச்சரிக்கை மணி வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பார்? எழுதி வைத்த பதிவேட்டைப் பார்த்தா? பொத்தானை அமுக்கித்தான்.

பகவானே மன்னிச்சுடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, மூன்று விரல்களையும் ஒரு கட்டம் தள்ளி வைத்து, ஓங்கி ஒரு மீட்டு மீட்டினார்.

ஹால் முழுக்க அது போய் விழுந்தது. கோயில் மண்டபத்தில் பித்தளை அண்டா உருண்டதுபோல இருந்தது. முந்நூறு தலை நிமிர்ந்தது. ஒரு ஜால்ரா நின்றது. மிருதங்கம் ஒரு அடி தடுக்கிவிட்டு ஓடியது. மகாதேவன் கண்ணைத் திறந்து, தன் ஹார்மோனியத்தைப் பார்த்து, கட்டைகளிலிருந்து கையை எடுத்தேவிட்டார்.

ஹார்மோனியம் நின்றதும் பாட்டு ஆட்டம் கண்டது. பாடினவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சுருதி பிடிக்க மேடையில் மிச்சமிருந்தது ஒரே வாத்தியம்தான். மாமி பதறிப்போய் விரல்களைச் சரியான கட்டத்துக்கு இழுத்து, தாளத்தோடு மீட்டினார். ஒன்று, இரண்டு. முன்வரிசைப் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பின்னால் ஆண்கள் ஏறிக்கொண்டார்கள். நாற்பது தொண்டையும் கிதாரின் மேல் வந்து உட்கார்ந்தது. மிருதங்கம் பக்கத்தில் குமுறியும் ஸ்பீக்கர் ஊளையிடவில்லை. இரண்டு அடி முழுவதும் அப்படிப் போன பிறகுதான் ஹார்மோனியம் மெல்ல வந்து சேர்ந்தது. அதற்கப்புறம் பூச்சூடல் வரை மாமி ஒரு விரலைக்கூடத் தப்பாக வைக்கவில்லை. ஆறு வருஷமாகத் தப்புகள் எல்லாம் அவருக்கு மட்டுமே தெரிந்திருந்தன. இனிமேல் அந்தச் சௌகரியம் இல்லை.

பந்தியில் உட்கார்ந்ததும் பேச்சு ஆரம்பித்தது.

"பாதியில என்னமோ கர்ணகடூரமாக் கேட்டுதே, கவனிச்சேளா?"

"மகாதேவன் மாமா கை தப்பிடுத்து. வயசாச்சோல்லியோ? பாவம்."

"நல்ல வேளை, மாமி கிதார்ல பிடிச்சு நிறுத்தினா."

ஆறு வருஷமாகக் கேட்காத ஒரு வாத்தியம் தப்புப் பண்ணும் என்று யாருக்குமே தோன்றவில்லை. சந்திரிகா மாமி கோசுமல்லியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். அறிக்கையில் திருத்தம் போட வேண்டிய இடம் இது என்று அவருக்குத் தெரியும். போடவில்லை.

கை கழுவிவிட்டு நேரே தூணுக்குப் பின்னால் போனார். ரவிசந்திரன் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"மகாதேவன் மாமா வந்து கேட்டா என்ன சொல்வேள்?"

"சரின்னு சொல்வேன்." அவன் நிமிரவில்லை. "அந்த ஒரு எடம், வேணும்னே போட்டதுதான?"

மாமி புடவைத் தலைப்பில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கேக்குதான்னு தெரியணும்னா ஒரு ஆள அனுப்பி என்னக் கேட்டிருக்கலாம் மேடம். எனக்கு ரெண்டு காதும் போச்சு."

திரும்பினால் மகாதேவன் நின்றுகொண்டிருந்தார். தோளில் அங்கவஸ்திரம், கையில் யாரோ ஆறுதலாகக் கொடுத்த பெரிய லட்டு. எவ்வளவு நேரமாக நிற்கிறார், எதிலிருந்து கேட்டார் என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

"மாமி, எனக்கு ஒண்ணு தெரியணும். என் ஹார்மோனியத்துல அந்தச் சத்தம் வர்றதுக்கு வழியே இல்லை. நாப்பது வருஷமா வாசிக்கறேன்."

"அப்படியா மாமா?"

"உங்களோடதுலேருந்து வந்துதா?"

மாமி ரவிசந்திரனைப் பார்த்தார். அவன் ஒயரில் ஒரு சிக்கலை மிகுந்த கவனத்தோடு பிரித்துக்கொண்டிருந்தான்.

"என்னோடதுலேருந்துதான் வந்தது" என்றார் மாமி.

"கை தவறியா?"

"இல்லை மாமா. கேக்கறதான்னு பாத்தேன்."

மகாதேவன் லட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். வெளியே, பந்தியில் அவருக்காக இன்னும் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தவர்களின் குரல் திரையைத் தாண்டி வந்தது. அவர் தூணையும் மிக்ஸரையும் ரவிசந்திரனின் குனிந்த தலையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாரிடம் என்ன சொல்லியிருந்தோம் என்பதைப் பந்தியில் இவள் சொல்லிவிடுவாளோ, சொல்லமாட்டாளோ என்று அந்தக் கண்கள் கூட்டிக் கழிப்பது மாமிக்கு நன்றாகத் தெரிந்தது. உதவி செய்யாமல் நின்றார்.

"கேக்கறது" என்றார் மகாதேவன் கடைசியில். "நன்னாவே கேக்கறது. அடுத்த சனிக்கிழமைலேருந்து பின்னாடி வேண்டாம். முன்னாடி என் பக்கத்துல வந்து உக்காருங்கோ. உங்க கை எங்க போறதுன்னு நான் பாத்துண்டே இருக்கணும்."

"வந்துடறேன்" என்றார் மாமி. "எனக்கும் அதான் சௌகரியம் மாமா. அங்கேருந்து உங்க கையும் தெரியும்."